துரைக்குப் பிடிக்காத கம்ப்யூட்டர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம், இரண்டு தலைவர்மார். ஒருவர் இராசையா, மற்றவர் கந்தப்பன். இராசையா மழை வரும் என்று சொன்னால் கந்தப்பன் வீட்டில் துணியைக் காயப் போடுவார்கள். கந்தப்பன் திருவிழாவை வெள்ளிக்கிழமை வைக்கலாம் என்றால், வெள்ளிக்கிழமை என்ற கிழமையே எதற்கு என்று இராசையா கேட்பார். இத்தனைக்கும் இராசையாவின் கூடப்பிறந்த தங்கச்சி பாக்கியத்தைத்தான் கந்தப்பன் கட்டியிருந்தார். மச்சான்மார் என்பதால் சண்டை பிடிக்க இன்னும் உரிமை கிடைத்திருந்தது.

இந்த இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் எனக்கு வேலை என்று 2003ஆம் ஆண்டு என் தலையில் எழுதியிருந்தது.

நான் மயூரி. பூனாகலைக்கு மேலே இருக்கிற எங்கள் டிவிசனிலிருந்து பஸ் பிடித்துப் பதுளைக்குப் போய் கம்ப்யூட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். அந்தச் சான்றிதழை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, தினமும் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினாள். சாம்பிராணி காட்டினால் வேலை வருமா? தோட்டத்தில் கம்ப்யூட்டரே இல்லை. இருந்திருந்தால் பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பிழைத்துக்கொள்வேன். இல்லையென்றால் அம்மாவோடு கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டியதுதான். கூடைக்குப் புதுக் கயிறுகூட அம்மா வாங்கி வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் பதுளையில் இருந்த ஓர் உதவி நிறுவனத்திலிருந்து குமாரசிங்கம் ஐயா வந்தார். சாவகச்சேரிக்காரர், நல்ல மனிதர், ஆனால் எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். வாசிகசாலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகவும், படிப்பிக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பதாகவும் சொன்னார். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் நிபந்தனையைச் சொன்னார்.

“எந்தக் கம்ப்யூட்டர் எண்டு நீங்கள்தான் தீர்மானிக்கோணும். விலை என்ன, நீண்ட காலம் உழைக்குமோ, பாவிக்கச் சுகமோ எண்டு மூண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ரெண்டு தலைவர்மாரும் ஒண்டாக் கையெழுத்து வைக்கோணும். இதுதான் மக்கள் பங்களிப்பு.”

“ரெண்டு பேரும் ஒண்ணா வைக்கலன்னா, சார்?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“இந்த மாசக் கடைசிக்குள்ள வைக்காட்டி, காசு வேற தோட்டத்துக்குப் போயிடும் பிள்ளை. ஏன், அதில என்ன கஷ்டம்?”

என்ன கஷ்டமா? அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

பதுளை பஜாரில் ஜுனைதீன் நானாவின் கடைக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போனோம். இராசையா பஸ்ஸின் முன் சீட்டில், கந்தப்பன் கடைசிச் சீட்டில், நான் நடுவில் நின்றுகொண்டு. கடையில் மேசை மேல் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. முதலாவது ஈகிள், அமெரிக்கச் சரக்கு, பளபளவென்று இருந்தது. விலையைக் கேட்டால் ஒரு லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டாவது கோல்ட்மூன், தாய்வான் சரக்கு, விலை அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றாவதற்குப் பெயரே கிடையாது. ஜுனைதீன் நானா பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தன் கையால் பூட்டியது. ஈகிளின் விலையில் பாதிக்குச் சற்று மேலே.

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, மூன்றாவதுதான் எங்களுக்குச் சரி என்று. எங்கள் தோட்டத்துக் கரண்ட், பேக்டரியில் மெசின் ஓட ஆரம்பித்தால் நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளின் பல்புகளெல்லாம் மெழுகுவர்த்தியாகிவிடும். அந்தக் கரண்டில் எந்தக் கம்பெனிக் கம்ப்யூட்டரும் ஒருநாள் படுக்கத்தான் செய்யும். படுத்தால் ஈகிளைக் கொழும்புக்குக் கொண்டு போக வேண்டும். கோல்ட்மூனுக்கு அந்தக் கம்பெனிச் சாமான்தான் பூட்ட வேண்டும். இதற்கு ஜுனைதீன் நானா போதும். மிச்சக் காசில் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கிற யூபிஎஸ் பெட்டி ஒன்றும் ஒரு பிரிண்டரும் வாங்கலாம். பாவிப்பதைப் பொறுத்தவரை மூன்றுக்கும் உள்ளே ஒரே விண்டோஸ்தான்.

நானாவும் அதையே சொன்னார். “தங்கச்சி, இதுக்குப் பேர் இல்ல, மெய்தான். ஆனா பழுதாகினா நான் ஈக்கிறேன். அதுகள் பழுதாகினா நான் போன் எடுத்துக் குடுக்க மட்டுந்தான் ஏலும்.”

“நீ கொஞ்சம் சும்மா இரு பாப்பா. பெரியவங்க பாக்குறோம்ல?” என்றார் இராசையா.

பெரியவர்கள் பார்த்தார்கள். இராசையா சந்தையில் மண்சட்டி வாங்குகிற மாதிரி ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கந்தப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் முப்பது வருசம் நின்றவர், அவருக்கு எதையும் கிலோவில் சொன்னால்தான் புரியும். “ஈகிள்தான் கனமா இருக்கு. கனமா இருந்தாத்தான் நெடுநாள் வரும்” என்று அதன் மேல் கையை வைத்தார். பாவிக்க எது லேசு என்று பார்ப்பதற்காக மவுஸைக் கையில் எடுத்து, டெலிபோன் மாதிரி முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் அம்பு அசையவில்லை. “இது கொஞ்சம் கஷ்டந்தான்” என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குள் இராசையா விசைப்பலகையில் இருந்த எழுத்துகளை எண்ணி முடித்திருந்தார். “ஈகிள்லதான் பட்டன் ஜாஸ்தி. குடுக்கிற காசுக்குச் சாமான் வேணாமா? என் சங்கம் ஈகிள்தான்!”

கந்தப்பன் ஈகிள் மேல் வைத்திருந்த கையைச் சுட்டுக்கொண்டவர் போல எடுத்தார். “அப்ப என் சங்கம் கோல்ட்மூன்” என்றார்.

“இப்பத்தான ஈகிள் கனமா இருக்குன்னீங்க மாமா?” என்று நான் கேட்டேன்.

“கனமா இருந்தா யாரு தூக்குறது? நீயா தூக்குவ?”

மூன்றாவது பெட்டியை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நானா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாக இல்லை. கோயில் வாசலில் இராசையா கூட்டம் போட்டு, “அமெரிக்காவில ராக்கெட் விடுறவன் ஈகிள்தான் வச்சிருக்கான்!” என்றார். மறுநாள் அதே இடத்தில் கந்தப்பன் கூட்டம் போட்டு, “எம் மச்சான் எங்க ராக்கெட் விடப் போறாருன்னு கேட்டுச் சொல்லுங்க. மலைக்கு ஏறவே அவருக்கு மூச்சு வாங்குது” என்றார். கோல்ட்மூன் என்பது அடகுக் கடைக்கு வைக்கிற பெயர் என்று இராசையா பதில் சொன்னார். பையன்கள் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிக்கும்போது ஈகிள், கோல்ட்மூன் என்று பிரித்தார்கள். தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கப் போனால், “நீ கழுகா, நிலாவா?” என்று கேட்டுவிட்டுத்தான் வழி விட்டார்கள். இதில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு தலைவர்மாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருப்பேன்.

குமாரசிங்கம் ஐயா கூட்டிய முதல் கூட்டம் கைகலப்பில் முடிந்தது. இன்னும் ஒரு கூட்டம்தான் பாக்கி. அதுவும் போனால் காசு போய்விடும்.

அந்த வாரம் வாசிகசாலைக்குக் கரண்ட் இழுக்க அனுமதி கேட்டு ஆபிசுக்குப் போனேன். தோட்டத்தை நிர்வகிக்கிற எங்கள் துரை புதிதாக வந்தவர், சின்ன வயது, மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்துத் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “எந்தக் கம்ப்யூட்டர் நல்லம்? நீ என்ன சொல்ற?” என்று கேட்டார்.

நான் என்ன சொல்கிறேன் என்று அதுவரை ஒரு மனிதரும் கேட்டதில்லை. சான்றிதழை மாட்டிய அம்மாகூடக் கேட்கவில்லை. மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். விலை, கரண்ட், கொழும்பு, ஜுனைதீன் நானா, யூபிஎஸ், ஒன்றையும் விடவில்லை. அவர் கடைசி வரை கேட்டார்.

“அப்ப மூணாவதுதான் சரி. கரண்ட் நான் தாரேன்” என்றார்.

ஆபிஸ் படியை இறங்கும்போது கால் தரையில் படவில்லை. பாதி வழி வந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. துரைக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது என்று வெளியே தெரிந்தால் அந்தப் பெட்டியின் கதை முடிந்தது. எங்கள் தலைவர்மார் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு விசயத்தில்தான் ஒற்றுமை: துரை வேண்டும் என்றால் வேண்டாம், துரை வேண்டாம் என்றால் வேண்டும். துரை மாறினாலும் அது மாறாது.

நான் அப்படியே நடுரோட்டில் நின்றுவிட்டேன். துரை வேண்டாம் என்றால் வேண்டும்!

நேரே பீலிக்குப் போனேன். பாக்கியம் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தலைவருக்குத் தங்கச்சி, மற்றத் தலைவருக்குப் பெண்சாதி. இவளிடம் சொன்னால் இரண்டு வீட்டுக் கதவையும் ஒரே நேரத்தில் தட்டியது மாதிரி.

“அத்த, ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். வெளிய விட்றாதீங்க” என்று ஆரம்பித்தேன். அத்தை உடனே சோப்பைக் கீழே வைத்தாள்.

“தொரை சொல்றாரு, ஈகிள் வாங்கினாலும் சரி, கோல்ட்மூன் வாங்கினாலும் சரியாம். ரெண்டும் அவருக்குப் புடிச்சதாம். ஆனா கடக்காரன் கையால பூட்டின அந்தப் பேரில்லாத பெட்டி மட்டும் இந்தத் தோட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதாம். லயத்து ஆளுங்களுக்கு இவ்வளவு தைரியமான்னு கேக்குறாரு.”

“அப்பிடியா சொன்னான் அந்த மனுசன்?” என்றாள் அத்தை. அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. பாதித் துணி பீலியிலேயே கிடந்தது.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்தார்கள். அங்கே இராசையாவும் கந்தப்பனும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். வயதானவர்கள் சிலர் பயந்தே போனார்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று.

“மச்சான், நம்ம சாமான நம்ம தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இவன் யாரு?” என்றார் இராசையா.

“அதான மச்சான்! பேரில்லன்னா என்ன? நம்மள்ல எத்தன பேருக்குப் பேப்பர்ல பேர் இருக்கு? அந்தப் பெட்டி தொழிலாளி மாதிரி மச்சான். ஒழைக்கிற கை பூட்டினது!” என்றார் கந்தப்பன்.

கூட்டத்தில் இரண்டு பேரும் ஒரே பேனையால் கையெழுத்து வைத்தார்கள். “விலை, உழைப்பு, சுகம் மூண்டையும் வடிவா ஆராய்ஞ்சிருக்கிறியள்” என்று குமாரசிங்கம் ஐயா நெகிழ்ந்துபோனார்.

பெட்டி வந்து இறங்கியது. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, வாசலில் தேங்காய் உடைத்தார்கள். வேனுக்கு வைக்கிற மாதிரி எலுமிச்சம்பழம் ஒன்றை மவுஸுக்குக் கீழே வைத்து நசுக்கப் பார்த்த கந்தப்பனை நான் ஓடிப்போய்த் தடுத்தேன். படிப்பிக்கிற ஆள் யார் என்பதை அன்றைக்கே இரண்டு தலைவர்மாரும் சேர்ந்து சொல்ல வேண்டும், குமாரசிங்கம் ஐயா நியமனத்தைக் கையோடு கொடுத்துவிடுவார். என்னைவிட்டால் தோட்டத்தில் வேறு ஆளில்லை. ஆகவே நான் அம்மாவின் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் கொடுத்த மரியாதைக்கும், அவர் தோற்ற முகத்தைப் பார்க்கும் ஆசைக்கும் துரையையும் கூப்பிட்டிருந்தார்கள். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை. அவராகவே எழுந்தார்.

“இந்தப் பிள்ளை மயூரி ரொம்பக் கெட்டிக்காரி. இவளைத்தான் டீச்சரா போடணும். நான் சொல்றேன்” என்றார்.

இராசையா கந்தப்பனைப் பார்த்தார். கந்தப்பன் இராசையாவைப் பார்த்தார். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று மெல்ல ஆடின. அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். என் வேலை அந்த இரண்டு தலைகளுக்கு நடுவே செத்துக்கொண்டிருந்தது.

துரை நிறுத்தவில்லை. சிரித்த முகத்தோடு, “இந்தக் கம்ப்யூட்டர் விசயமா அன்னைக்கு இவ ஆபிசுக்கு வந்து என்கிட்ட…”

இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் வேலை மட்டுமல்ல, கம்ப்யூட்டரும் திரும்பிப் பதுளைக்குப் போய்விடும். நான் எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

“போதும் நிறுத்துங்க சார்!” என்று கத்தினேன். “ஒங்க சிபாரிசுல வர்ற வேல எனக்கு வேணாம். எங்க லயத்துத் தகரம் ஓட்டையாகி எத்தன மழ போச்சு? அடுப்புக்கு மேல கொட புடிச்சுக்கிட்டு எங்கம்மா சோறாக்குது. அத வந்து பாக்க ஒங்களுக்கு நேரமில்ல. மாலை போட்ட பெட்டியத் தொறக்க மட்டும் வந்துட்டீங்களா?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். துரையின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எங்களை மதித்துக் கேள்வி கேட்ட ஒரே மனிதரை ஊர் பார்க்க நான் அவமானப்படுத்திவிட்டேன். அவர் வந்து எட்டு மாசம்தான். தகரமோ எனக்குப் பல் முளைத்த காலத்திலிருந்து ஒழுகுகிறது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“இந்தப் பிள்ளை இந்த ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது!” என்று துரை மேசையில் அடித்தார்.

“ஏன் வைக்கக் கூடாது?” இராசையாவும் கந்தப்பனும் ஒரே குரலில் எழுந்தார்கள். இரண்டு நாற்காலியும் ஒன்றாகப் பின்னால் விழுந்தன.

“இவதான் டீச்சரு! வேற யாரும் படிப்பிக்கக் கூடாது!” என்றார் இராசையா.

“தொரையில்ல, தொரையோட பாட்டன் வந்தாலும் இவதான்! குடுங்க சார் அந்தப் பேப்பர!” என்றார் கந்தப்பன்.

குமாரசிங்கம் ஐயா அவசர அவசரமாக நியமனத்தைக் கொடுத்தார். சனம் கைதட்டியது. துரை யாரையும் பார்க்காமல் வெளியே போய் ஜீப்பில் ஏறினார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். “அந்த மனுசன் ஒனக்கு என்னடி பாவம் செஞ்சாரு?” என்று அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். உண்மையை அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், துரையோடு நான் பேசுவதை யாராவது பார்த்தால் வேலை அன்றைக்கே போய்விடும். ஜீப் சத்தம் கேட்டால் வாசிகசாலை ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். பிள்ளைகள் மவுஸைப் பிடிக்கப் பழகிவிட்டார்கள், கம்ப்யூட்டரும் நன்றாக ஓடியது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாசம் ஒருநாள் லொறி நிறையப் புதுத் தகரம் வந்து எங்கள் லயத்துக்கு முன்னால் இறங்கியது. தங்கள் சங்கத்தின் போராட்டம் வென்றது என்று இராசையா கொடி ஏற்றினார். கந்தப்பன் அதைவிட உயரமாக ஒரு கொடி ஏற்றினார்.

அன்றைக்கு மழை. முதல் தடவையாக அடுப்புக்கு மேலே குடை இல்லை. அம்மா நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாடி.”

“சொன்னா வேல போயிரும்மா.”

“அப்ப நான் போறேன். எங் கூடைய யாரு புடுங்கப் போறா?” என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பழுத்த வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு பங்களாவுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

நான் வாசலிலேயே நின்றேன். நனைந்துகொண்டு திரும்பி வந்தவளை உள்ளே விடாமல் கேட்டேன். “என்னம்மா சொன்னாரு? கோவமா இருக்காரா?”

“தகரம் வேணும்னு கொழும்புக் கம்பெனிக்கு மூணு தடவ எழுதினாராம், குடுக்கலயாம். லயத்துப் புள்ள ஒண்ணு நாலு பேர் முன்னுக்கு என் மானத்த வாங்கிருச்சு, ரெண்டு சங்கமும் ஒண்ணாச் சேந்துருச்சுன்னு எழுதினாராம். ஒடனே அனுப்பிட்டாங்களாம்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். “அடுத்தது லயத்துக் கக்கூஸப் பத்திக் கத்தச் சொன்னாரு. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்தணுமாம். எப்பக் கத்தப் போற?”